ஐம்பத்திரண்டு நிமிஷக் கொலை

"ஆ...!"

அந்த அலறலில் கோடவுன் கூரைப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

அலறியது செக்கர் அக்கா. கடைகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் மருந்துப் பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்ப்பவள். பதினெட்டு வருஷ சர்வீஸ். உடைந்த பாட்டில், ஒழுகிய டானிக், ஒரு தடவை குட்டி போட்ட பூனை... எல்லாம் பார்த்தாயிற்று.

மேனேஜரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெட்டிக்குள்!

முழங்காலை மடக்கி, கன்னத்தை அதன்மேல் சாய்த்து... மத்தியானம் சீட்டில் தூங்குகிற அதே போஸ். கழுத்தில் இறுகியிருந்த பிளாஸ்டிக் பட்டை மட்டும் புதுசு.

பெட்டி எண் 412. 'காலாவதி மருந்து. எரிப்பதற்கு' என்றது லேபிள். பாதி உண்மை!

இருபதாவது நிமிஷம் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே டாக்டர். பின்னாலேயே கர்ச்சீப்பும் கண்ணீருமாக முதலாளி.

"நேத்து சாயங்காலம் ஆறு, ஆறரைக்குள்ள போயிருக்கணும்" என்றார் டாக்டர்.

"பெட்டி எந்த லாரியில வந்தது?"

"ஏழாம் நம்பர் சார்."

"டிரைவர் யாரு?"

ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

மாடி ஜன்னலில் நின்றிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அது அவள் அண்ணன்.

அவளை அங்கே எல்லோரும் 'ஷார்ட்கட்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த லாரி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று தினமும் ப்ளான் போடுவது அவள் வேலை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் ராப்பகலாக லாரி ஓட்டித்தான் அவளைக் கணக்குப் படிக்க வைத்தான். கணக்கு என்றால் அவனுக்கு இன்றைக்கும் அலர்ஜி.

தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"நேத்து காலையில மேனேஜர்கிட்ட கத்தினியாமே?" இன்ஸ்பெக்டர் கேட்டுக் கொண்டிருந்தார்.

முதலாளி மூக்கைச் சிந்தினார். "நான் என் காதாலயே கேட்டேன் சார்... கழுத்தை நெரிச்சிடுவேன்னான்!"

"சொன்னேன் சார்! அதெல்லாம் ஒரு பேச்சுக்கு! என் மச்சான்கிட்டகூட தினம் சொல்றேன்... அவன் குண்டா நல்லாத்தான் இருக்கான்!"

"எதுக்குச் சண்டை?"

"பதினொரு மணி நேரம் ஓட்ட விட்டா முதுகு என்ன சார் ஆகும்?"

"அதுக்கு ஆளையே முடிச்சுட்டே! மாட்டுய்யா விலங்கை!"

"சார்! பத்தே நிமிஷம் குடுங்க!" மூச்சிரைக்கக் குறுக்கே நின்றாள் ஷார்ட்கட்.

"எதுக்கும்மா? ஜாமீனுக்கா?"

"கணக்குக்கு!"

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் நிறைய வாங்கியவர் போல. அந்தப் பயத்திலேயே தலையாட்டிவிட்டார்.

மாடி அறை. கம்ப்யூட்டர் முன்னால் அவள். முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், முதலாளி, கையில் விலங்கோடு அண்ணன்.

"எட்டு லாரி... அறுபத்து மூணு கடை சார். எது எங்க, எந்த வரிசையில போனா நேரம் மிச்சம்? மனுஷன் உக்காந்து எழுதினா ஆயுசு பத்தாது. இந்த ப்ரோக்ராம் நாலு நிமிஷத்துல சொல்லிடும். நாம ரூல் மட்டும் குடுக்கணும். குளிர்ல வைக்கிற மருந்து முதல்ல இறங்கணும்... கேட்டுல ஒரு நேரத்துல ஒரு லாரிதான் நிக்கணும்... இப்படி."

"இதுல கொலைகாரன் பேரு வருமா?"

"வராது. ஒவ்வொரு ரூலும் எத்தனை நிமிஷம் எக்ஸ்ட்ரா கேக்குதுன்னு வரும்."

"உருப்பட்ட மாதிரிதான்!" என்றார் முதலாளி.

திரையில் பட்டியல் ஓடியது. மூன்று நிமிஷம்... சைபர்... ஐந்து... இரண்டு...

ஐம்பத்திரண்டு!

அவள் விரல் நின்றது.

"இது நான் போட்ட ரூல் இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். 'பெட்டி 412, ஏழாம் லாரியில்தான் ஏற வேண்டும்.'

"காலாவதி மருந்தைப் பெட்டியைத் திறக்காம அப்படியே எரிக்கிற உலை வடக்குல இருக்கு சார். மூணாம் லாரி அந்த வழியாத்தான் போகுது. சும்மா விட்டிருந்தா ப்ரோக்ராம் அதுலதான் ஏத்தியிருக்கும். தெற்கே போற எங்க அண்ணன் லாரியில யாரோ வேணும்னே கட்டி விட்டிருக்காங்க... மாட்டினா பழி அவன்மேல விழட்டும்னு!"

"யாரு?"

"ரூலை மாத்த மூணு பேருக்குத்தான் அதிகாரம். முதலாளி, மேனேஜர், நான். இது வந்தது மேனேஜர் போன்ல இருந்து. நேத்து சாயங்காலம் ஏழு பத்துக்கு."

"ஏழு பத்தா? அவரு ஆறரைக்கே செத்துட்டாரும்மா!"

"விரலை வச்சா போன் திறந்துக்கும் சார். விரல்ல உயிர் இருக்கான்னு அது கேக்காது. 'நாளைக்கு லீவு'ன்னு அதுக்கப்புறம் எங்களுக்கெல்லாம் வந்த மெசேஜும் அதே போன்ல இருந்துதான்."

அண்ணன் முனகினான். "நான் அதுக்கு 'என்ஜாய் சார்'னு பதில் வேற போட்டேன்..."

"பார்த்தீங்களா சார்!" முதலாளி எகிறினார். "இவன் கொன்னான்... போனைப் புடுங்கினான்... தங்கச்சிக்காரி சொல்லிக் குடுத்து ரூலைப் போட்டான்! ரெண்டு பேரையும் உள்ள தள்ளுங்க!"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் அந்தப் போனை எடுத்திருக்கலாம். அப்படியென்றால் அண்ணனும் எடுத்திருக்கலாம்! தானே அவனைக் குழிக்குள் தள்ளி மண்ணையும் போட்டு விட்டோமோ?

"அது சரி..." இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "எரிக்கத்தானே அனுப்பினாங்க? பெட்டி ஏன் பத்திரமாத் திரும்பி வந்தது?"

ஷார்ட்கட் திரையையே வெறித்தாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

புரிந்து விட்டது!

சட்டென்று ஒரே ஒரு வரியை அழித்தாள். ஒரு பட்டனைத் தட்டினாள். ப்ரோக்ராம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"என்னம்மா பண்றே?" முதலாளியின் குரலில் ஒரு உறுமல்.

"ஒரு சின்ன சரிபார்ப்பு முதலாளி." நிதானமாகத் திரும்பினாள். "ஏத்தணும்னுதான் சார் ரூல். உலையில இறக்கணும்னு ரூலே இல்ல! ப்ரோக்ராமுக்குச் சொன்ன சொல்தான் வேதம். அண்ணனுக்கு ஏற்கெனவே எட்டரை மணி நேர வேலை. அம்பத்திரண்டு நிமிஷம் சேர்த்தா ஒன்பதைத் தாண்டிடும். அதனால பெட்டியை ஏத்துச்சு... உலையை நாளைக்குத் தள்ளிடுச்சு. மேனேஜர் நாள் பூரா ஊர் சுத்திட்டு வந்துட்டாரு!"

"தாண்டினா என்ன?" முதலாளி கத்தினார். "ஒன்பதாம், ஒன்பது! போன வாரம் பதினொரு மணி நேரம் ஓட்டினவன்தானே? எவன் வச்சது இந்த ஒன்பது?"

எல்லோரும் முதலாளியையே பார்த்தார்கள்.

அண்ணன்தான் வாயைத் திறந்தான். "மேனேஜர் வச்சாரு முதலாளி. நேத்து அஞ்சு மணிக்கு யார்டு நடுவுல நின்னு சொன்னாரு. இனிமே ஒன்பதுக்கு மேல யாரும் ஓட்ட வேண்டாம்னு. விசில் காதைக் கிழிச்சது. என்னைக் கட்டிப் புடிச்சு, 'போதுமாடா'ன்னாரு..." விலங்கோடு கைகளைத் தூக்கிக் காட்டினான். "அவரைப் போய் நான் கொல்வேனா?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"முதலாளிகிட்ட நாளைக்கு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாரு சார்" என்றாள் ஷார்ட்கட். "வாட்ச்மேன், செக்கர் அக்கா, எட்டு டிரைவர்... இங்க எல்லாருக்கும் ஒன்பது மணி நேர ரூல் தெரியும். தெரிஞ்ச எவனும் பெட்டியை ஏழாம் லாரியில ஏத்தியிருக்க மாட்டான். காலையில நடந்த சண்டையை மட்டும் பார்த்துட்டு, சமாதானத்தைப் பார்க்காமப் போன ஒரே ஆள்..."

தடால்!

நாற்காலியை உதைத்துவிட்டு முதலாளி பாய்ந்தார். அறுபது வயசு என்று யாரும் நம்ப மாட்டார்கள். படியை மூன்று மூன்றாகத் தாண்டி, காரில் ஏறி, யார்டைக் கிழித்துக் கொண்டு கேட்டுக்குப் போய்...

க்ரீச்ச்ச்!

கேட்டை அடைத்துக் கொண்டு ஒரு லாரி. அதன் பின்னால் இன்னொன்று. பக்கவாட்டில் மூக்கை நுழைத்தபடி மூன்றாவது. ரோடு முழுக்க ஏழு லாரிகள்! ஏழு ஹாரன்கள்!

முதலாளியால் காரை விட்டு இறங்கவே முடியவில்லை. கதவைத் திறந்து விட்டது இன்ஸ்பெக்டர்தான்.

சீட்டுக்கு அடியில் மேனேஜரின் போன் கிடந்தது. காலாவதி மருந்துகளில் முதலாளி புது லேபிள் ஒட்டிக் கடைகளுக்கே திருப்பி அனுப்பியதைப் படம் படமாக எடுத்து வைத்திருந்தார் மனுஷன். அந்தப் படங்களை முதலாளியிடமே காட்டி நியாயம் கேட்டதுதான் அவர் கடைசியாகச் செய்த வேலை.

விலங்கு அண்ணன் கையிலிருந்து முதலாளி கைக்கு மாறியது. ஷார்ட்கட் அண்ணன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது.

"அதெப்படிம்மா ஏழு லாரியும் ஒண்ணா வந்தது?" இன்ஸ்பெக்டருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "உள்ள வர முறைக்காக ரோட்டுலதான் காத்துட்டிருந்தாங்க சார். கேட்டுல ஒரு லாரிதான் நிக்கணும்ங்கிற ரூலை எடுத்துட்டேன். புது ப்ளான் எல்லார் போனுக்கும் போயிடுச்சு."

"பலே! சரி, லாரியை எல்லாம் எடுக்கச் சொல்லு. ஜீப் வெளியே போகணும்."

டிரைவர்கள் ஏழு பேரும் போனைப் பார்த்தார்கள். பிறகு அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் மணிக்கட்டைத் தேய்த்துக் கொண்டே சொன்னான்.

"மணி நாலாச்சு சார்... ஒன்பது மணி நேரம் முடிஞ்சு போச்சு. ஒரு அடி நகர்த்த மாட்டாங்க. ரூல்!"

"யோவ்! அந்த ரூலை யாருய்யா எடுக்கணும்?"

"மூணு பேரு எடுக்கலாம் சார். ஒருத்தரு பெட்டியில... ஒருத்தரு விலங்குல..." தங்கச்சியைக் காட்டினான். "மூணாவது ஆளுக்கு மத்தியானத்துல இருந்து டீ வரல... முதல்ல அதைப் பாருங்க!"