பேய்முகக் கட்டை

வெள்ளிக்கிழமை காலை முகம் கழுவியபோது, நெற்றியில் முதல்நாள் இட்ட சந்தனப் பொட்டு போகவில்லை. பத்மநாதன் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், ஈரத் துவாயை வைத்து அழுத்திப் பார்த்தார். காய்ந்த சந்தனம் உதிர வேண்டும். இது மழமழவென்று, பொலிஷ் போட்ட மரம் மாதிரி இருந்தது. கண்ணாடிக்குக் கிட்டப் போனார். பொட்டுக்குள் மெல்லிய ரேகைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன.

அது சந்தனமே இல்லை என்பது அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் வேலை செய்யும் ஸ்காபரோ நகரத் தச்சுப் பட்டறைக்குப் போன வாரம் ஒரு பழைய சீனக் கதிரை திருத்த வந்திருந்தது. ஹுவாங்ஹுவாலி என்ற அருமையான மரம். இருக்கையின் கீழ்ச்சட்டம் வெடித்திருந்தது. வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு கணு, இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக.

“உந்தக் கணுவில வாள் படக்கூடாது, அண்ணை,” என்றான் அவருடைய ஊர்க்காரனான முதலாளி மரியோ. “சீனச் சனம் உதைப் பேய்முகம் எண்டு சொல்லுறது. உதுக்குத்தான் மதிப்பு.”

ஆனால் உளி பட்டதும் ஒரு வாசம் எழுந்தது. கடைச் சந்தனம் மணப்பதில்லை என்று மனைவி பாலேஸ்வரி வாராவாரம் குறைப்படுவது ஞாபகம் வந்தது. மரியோ சாப்பிடப் போன நேரம், முகத்தோடு சேர்த்து ஒரு சாண் அறுத்து எடுத்தார். அந்த இடத்தில் வேறு மரத்தை ஒட்டிச் சாயம் பூசினார். அறுத்த துண்டைச் சந்தனக்கட்டை என்று சொல்லிப் பாலேஸ்வரியிடம் கொடுத்தார். கதிரையை எடுக்க வந்த சீனக் கிழவி அந்த இடத்தைத் தடவினாள். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து நன்றி சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“இஞ்சேருங்கோ, கெதியா வெளிக்கிடுங்கோ!” பாலேஸ்வரி கீழேயிருந்து கூப்பிட்டாள். “மிச்சக் கட்டையை நேற்றே ஐயரிட்டக் குடுத்திட்டன். இண்டைக்குக் கோயில்ல எல்லாருக்கும் எங்கட சந்தனம்தான்.”

கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக் காரோட்டினார். மூன்று தரம் வாய் திறந்தார். பின் சீட்டில் மகள் கஜனி இருந்தாள். நான் களவெடுத்தேன் என்று அவள் கேட்க எப்படிச் சொல்வது?

கோயில் வாசலிலேயே அந்த வாசம். ஐயர் தட்டோடு கடைசி வரிசைக்கு வந்திருந்தார். கஜனி ஓடிப்போய் நெற்றியை நீட்டினாள். தடுத்தால் ஏனென்று கேட்பார்கள். அவர் தடுக்கவில்லை.

“தந்தது இவர்தான்,” என்றாள் பாலேஸ்வரி உரக்க.

சனம் திரும்பியது. சிரித்தது. கைகூப்பியது.

நூறு நெற்றிகள். நூறு பொட்டுகள். ஒவ்வொன்றிலும் ரேகை. கணு. மூடிய இரண்டு கண்கள்.

கஜனியின் நெற்றியிலும்.

“என்ன நல்ல வாசம், அப்பா.”

அவள் பொட்டில் கண்கள் திறந்தன. பிறகு பாலேஸ்வரியின் பொட்டில். பிறகு வரிசை வரிசையாக. எல்லாம் அவரையே பார்த்தன.

தொப்பிக்குள் கைவிட்டார்.

விரலுக்கடியில் ஓர் இமை மெல்லத் திறந்தது.