பாறை என்று எழுதியவர்

மாலை ஐந்து மணி வெயிலில், விமானத்தின் நிழலோடு சேராத நிழல் ஒன்று தரையில் கிடந்தது. மூக்கு, இறக்கை இரண்டு, வால் இரண்டு, சக்கரக்கால் மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றி வந்த கருத்தக்கண்ணன், வெள்ளையடித்த சிமெண்ட் தளத்தின் மேல் ஒரு முழ நீளத்துக்கு ஒல்லியாகக் கிடந்த அதைப் பார்த்து நின்றுவிட்டார். எதன் நிழலென்று மேற்கே பார்த்தார். துடைப்பமோ வாளியோ ஏணியோ எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றி, பெருவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். விரலின் மேல் அது ஏறிப் படிந்தது. காலை எடுத்ததும் பழையபடி தரையில் கிடந்தது. மாசி வெயில் பிடரியைச் சுட்டுக்கொண்டிருக்க, அந்த ஒரு விரல் மட்டும் விறைத்துப்போயிருந்தது.

அது வேவு விமானம். ஒலியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில், எதுவும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் பறந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவதுதான் அதன் பிழைப்பு. வயதாகிவிட்டதென்று விமானப்படை அதற்கு ஓய்வு கொடுத்ததும், பழனிசெட்டிபட்டியைத் தாண்டிக் கம்பம் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் தாளாளர் யார் யாரையோ பிடித்து அதைக் கேட்டு வாங்கிவிட்டார். மூன்று டிரெய்லர் லாரிகளில் துண்டு துண்டாக வந்து, கல்லூரி வாசலில் மறுபடி ஒரே உடம்பாகி நின்றது. சாம்பல் நிற விமானம் எடுப்பாகத் தெரியட்டும் என்று தளம் முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னவரும் தாளாளர்தான். வேட்டி வெள்ளை, கார் வெள்ளை, வீடு வெள்ளை; அந்த மனிதர் கண்ணில் வேறு நிறமே படாது. காட்சியகப் பொறுப்புக்கென்று வைத்துக்கொண்ட கருத்தக்கண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெள்ளை மட்டும் வேண்டாம் ஐயா என்று கும்பிட்டுச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

மாணவர்கள் அவரை விமானம் ஓட்டியவர் என்று நினைத்திருந்தார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை. உண்மையில் அவர் இருந்தது படப் பிரிவில். விமானம் இறங்கியதும் பிலிம் சுருளைக் கழுவி, விளக்குப் பலகையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தால் மனிதன் தெரிய மாட்டான். தலையும் தோளும் சேர்ந்து ஒரு புள்ளி, அதுவும் தேடினால்தான். தெரிவது அவன் நிழல். சாய்ந்த வெயிலில் நிழல் நீளும். நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா, தோளில் துப்பாக்கி இருக்கிறதா என்பதையெல்லாம் நிழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கருத்தக்கண்ணன் பதினாறு வருடம் மனிதர்களைப் பார்த்ததே இல்லை. நிழல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை இரண்டு கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் காவலாளி நாகராஜ் வந்தான்.

"சார், ஆண்டிபட்டியில இருந்து ஒரு அம்மா வந்தாக. ராக்கம்மாளாம். அவுக வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தவராம், பனிச்சரிவுல காணாமப் போயிட்டாராம். இந்தப் பிளேனுதான் தேடப் போச்சுன்னு யாரோ சொல்லியிருக்காக. அதுல எடுத்த படத்தப் பாத்தவரு இங்கதான் இருக்காருன்னும் சொன்னாகளாம். உங்களப் பாக்கணுமாம்."

"எந்த வருசமாம்?"

"எண்பத்தாறுன்னாக."

கருத்தக்கண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் அப்ப அங்கன இல்லன்னு சொல்லிரு."

"சொல்லிருவேன் சார். ஆனா நாளைக்கும் வருவேன்னுட்டுத்தான் போயிருக்காக."

அவள் மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். வாசலில் அவளுடைய பச்சைச் சேலை தெரிந்ததுமே அவர் பின்வாசல் வழியாக வாழைத்தோப்புக்குள் இறங்கி, சேற்றில் செருப்பு புதையப் புதைய நடந்து பேருந்து பிடித்தார். அறுபதை நெருங்குகிற மனிதன் ஒரு பெண்பிள்ளைக்குப் பயந்து தோப்புக்குள் ஓடுவது அவருக்கே கேவலமாக இருந்தது. ஓடிய ஒவ்வொரு நாளும் தளத்தில் ஒரு நிழல் கூடியது. கண்ணுக்கு ஏதோ கோளாறு என்று சின்னமனூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தார். பார்வை நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படிக் கண் அமைவது அபூர்வம் என்று அவர் பாராட்டி அனுப்பினார்.

வீட்டில் சோற்றில் கை வைத்தால் பிலிம் கழுவுகிற மருந்தின் புளித்த வாடை அடித்தது. தலையணையில் அடித்தது. குடிக்கிற தண்ணீரில் அடித்தது.

"என்ன, சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கீக?" என்றாள் மனைவி முருகம்மாள்.

"ஏதோ வாடை அடிக்குதுடி."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. உங்க கைய மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். கையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எண்பத்தாறு தை மாதம். வடக்கே ஒரு மலைக்காவல் முகாமைப் பனிச்சரிவு மூடி, ஒன்பது பேரைக் காணவில்லை. பதினோராவது நாள்தான் வானம் தெளிந்து, இந்த விமானம் ஒரே ஒரு முறை மேலே போய்வந்தது. மதியம் சுருள் கையில் கிடைத்தபோது படப் பிரிவில் அவர் மட்டும்தான் இருந்தார். மாலை ரயிலில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மகள் யுவராணிக்குக் காதுகுத்து. பெட்டியைக் கட்டி மேசைக்கடியில் வைத்திருந்தார். ஒரு சரிவில், வெள்ளைப் பரப்பில், ஒன்பது கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. அடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டு படத்துக்கும் நடுவில் சில வினாடிகள் ஓடியிருக்கும். பாறையின் நிழல் மாறாது, ஆளின் நிழல் மாறும். அப்படி வைத்து அளந்து குறித்து முடிக்க ராத்திரி ஆகிவிடும், ரயில் போய்விடும். பாறைகள், மனித நடமாட்டம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேடுதல் நின்றது.

காதுகுத்து நன்றாக நடந்தது. கறிச்சோறு போட்டார்கள், மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தவர், ஏதோ உறுத்த, அந்த இரண்டாவது படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்பது கோடுகளும் இடம் மாறியிருந்தன. ஒன்றின் தலைக்கு மேல் மெல்லிய இரண்டு கோடுகள் முளைத்திருந்தன. இரண்டு கைகள். எவனோ ஒருவன் வானத்தைப் பார்த்துக் கை காட்டியிருக்கிறான். கருத்தக்கண்ணன் அந்த இரண்டு படத்தையும் வெட்டி எடுத்து, கொல்லைப்பக்கம் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். கோடையில் பனி உருகியதும் எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்று கிடைக்கவே இல்லை.

இதை அவர் முருகம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

எட்டாவது நாள் எட்டு நிழல். ஒன்பதாவது நாள் அவர் வேலைக்கே போகக் கூடாதென்றுதான் இருந்தார். அடுத்த நாள் விருந்தினர்கள் வருகிறார்கள், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தாளாளரே ஃபோன் போட்டுவிட்டார். போனபோது ஐந்தரை ஆகியிருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள் டிரம்மையும் மட்டையையும் ஓரமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தளத்தில் ஒன்பதும் வரிசையாகக் கிடந்தன. முழ நீளமாக இருந்தவை ஆள் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. கடைசி நிழலுக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன.

அதன் காலடியில் பச்சைச் சேலை கட்டிய ராக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்கதானே படம் பாக்குறவுக?"

ஓட முடியவில்லை. "ஆமா தாயி" என்றார்.

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சின்னப் புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். மீசை அரும்பிய ஒரு பையன் சிப்பாய் உடுப்பில் விறைப்பாக நின்றான். பின்னால் ஒச்சாண்டி என்று பேனாவால் எழுதியிருந்தது. அவள் வாயால் பெயரைச் சொல்லவில்லை, விரலால் காட்டினாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது.

"எட்டுப் பேரு ஒடம்பு வந்துச்சு. இவுக ஒடம்பு மட்டும் வரல. பட்டாளத்த விட்டு ஓடிப்போயிட்டான், எங்கேயோ ஒருத்திய வச்சுக்கிட்டுக் கெடக்கான்னு ஊர்ல பேசுனாக. எங்க மாமியாகூட அதத்தான் சொல்லிச் செத்தாக. நான் நம்பல. பொணத்தப் பாக்காம தாலிய எறக்க மாட்டேன்னுட்டேன். இருவத்திரெண்டு வருசமாச்சு." அவள் அழவில்லை. எத்தனையோ முறை சொல்லிச் சொல்லிக் காய்ந்துபோன பேச்சு அது. "அங்கன இருந்தாகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கண்ணே. பாத்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது போதும் எனக்கு."

அவள் காலடியில் கிடந்த நிழலின் விரல்கள் அசைந்தன. கருத்தக்கண்ணன் அதைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

இருந்தான் தாயி, பதினோரு நாள் கழித்தும் உயிரோடு இருந்தான், என்னைப் பார்த்துக் கை காட்டினான். சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்புறம் அவள் கேட்பாள். தெரிந்தும் ஏன் யாரும் போகவில்லை என்று கேட்பாள். நாகராஜ் கேட்பான், தாளாளர் கேட்பார், முருகம்மாள் கேட்பாள். யுவராணி கேட்பாள்.

"ரெண்டு படமும் பாத்தேன் தாயி" என்றார். "ஆளு யாரும் இல்ல. வெறும் பாறைதான்."

ராக்கம்மாள் படத்தை வாங்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"படிச்சவுக, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "அப்ப ஓடித்தான் போயிட்டாக போலருக்கு."

திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். கழுத்துக் கயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். வரிசையின் கடைசியில் கிடந்த நிழல் மெதுவாகக் கைகளை இறக்கியது. தளத்தை விட்டு நழுவி, புல்லில் ஏறி, மண்ணில் இறங்கி, அவள் நிழலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக வாசலைத் தாண்டின. அவள் ஒரு தடவைகூடப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. இறக்கைகளின் நிழல் மங்கி மறைந்தது. வேப்பமரத்தின் நிழல் போயிற்று. கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார். அவர் நிழலும் போயிருந்தது.

எட்டும் போகவில்லை.

வெயில் இல்லாத தரையில், கறுப்பாக, எட்டு. ஒன்பதாவதின் இடம் காலியாக இருந்தது. ஒரு ஆள் படுக்கிற அகலம். அவர் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தார்.

காலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளங்காலில் குளிர். கணுக்காலில் குளிர். முழங்காலில் ஒன்றுமே இல்லை. மண்ணெண்ணெயும் புளித்த மருந்தும் கலந்த வாடை. தரை மேலே வந்தது. இல்லை, அவர்தான் கீழே போனார். வலிக்கவில்லை. முதுகுக்குக் கீழே சிமெண்டின் சொரசொரப்பு. பிறகு அதுவும் இல்லை. அவரே சிமெண்டின் மேல் ஒரு படலம். கைகள் தாமாகத் தலைக்கு மேல் போயின. இறக்கப் பார்த்தார். முடியவில்லை.

பக்கத்தில் எட்டுப் பேர் மூச்சுவிடுவது கேட்டது. சன்னமாக. பல் கிட்டித்த மூச்சு.

நாகராஜ் வந்தான். அவன் பூட்ஸ் அவர் நெஞ்சில் ஏறி நின்றது.

"ஏலே, எவன்டா இது, தார ஊத்திட்டுப் போனது? நாளைக்குத் தாளாளரு வந்து பாத்தா என்னையில்ல வெரட்டுவாக!"

நாகராஜு என்று கத்தினார். வாய் இருந்தது. சத்தம் இல்லை.

அவன் டிரம்மை இழுத்து வந்தான். மட்டையை முக்கினான். வரிசையின் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தான். சளப். சளப். வெள்ளை விழுகிற சத்தம். முதல் ஆளின் மூச்சு நின்றது. இரண்டாவது ஆளின் மூச்சு நின்றது. நாகராஜ் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே, வேலையைத் திருத்தமாகச் செய்தான். ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது ஆள் கொஞ்சம் திணறினான். அப்புறம் அவனும் அடங்கினான்.

பூட்ஸ் அவர் பக்கம் வந்தது.

பாதத்தில் ஈரம். குளிர்ந்த, கெட்டியான ஈரம். தொடையில். வயிற்றில். மட்டை மறுபடி டிரம்முக்குள் போய் நிரம்பி வந்தது. நெஞ்சில். கழுத்தில். அவர் கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார்.

நாகராஜ் குனிந்து உற்றுப் பார்த்தான். மட்டையை முகத்தின் மேல் வைத்தான்.