லாசெம் வீட்டுக் கொண்டை ஊசி

கண்ணாடிப் பேழை திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பச்சைக்கல் கொண்டை ஊசியைக் காணோம்.

காலை பத்தரை மணி. ஜாவாவின் வடகரையில் லாசெம் ஊர். நாடே அழுது பார்த்த படத்தை எடுத்த பழைய சீன வீடு. ஜகார்த்தாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ரசிகர்கள் வந்திருந்தார்கள். நாயகி மிதித்த படியைத் தொட்டுக் கும்பிடாத குறை. ஒருத்தி வாசற்கதவைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். சொந்த அப்பன் செத்ததற்கு இவ்வளவு அழுதிருப்பாளா, சந்தேகம்.

காணாமல் போனது படத்தில் நாயகி செருகியிருந்த அதே ஊசி. வீட்டுக்காரர் கோ சியாங்கின் அம்மாவுடையது.

இன்ஸ்பெக்டர் முர்த்தினிங்சி வந்தபோது, சமையல்காரி சரின்தென் ஒரு கான்ஸ்டபிளின் காவலில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பேழைக்குப் பூட்டு?"

"கிடையாது, இபு. தினமும் துடைக்கிறவ அவதான். வேற யாரு எடுப்பா?" என்றார் கோ சியாங்.

"வந்தவங்க?"

"எல்லாரும் வாசல்ல. கதவோட நிக்க வெச்சு நான்தான் போட்டோ எடுத்தேன். மாஸ் ரெய்னால்டி மட்டும் உள்ளே இருந்தார். அவரே சாட்சி."

ரெய்னால்டி ரசிகர் கூட்டத்தின் தலைவன். அந்த ஊர்ப் பேச்சில் 'இபு' என்றால் அம்மா, 'மாஸ்' என்றால் அண்ணன். படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லித்தான் எவரிடமும் பேச்சைத் தொடங்குவான். கேமரா முக்காலியைக் கீழே வைக்காமல் குழந்தைபோல் அணைத்திருந்தான்.

"நான் மாடியில இருந்தேன், இபு. படத்துல நாயகி காத்திருப்பாளே, அந்த ஜன்னல்ல. வெளியே பார்த்துட்டே நின்னேன். இந்தப் பொம்பளை கிணத்தடிக்கு ஓடுனா. கையில எதையோ பொத்தி வெச்சிருந்தா."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"படத்துல தெரியற மாதிரியே!"

பக்கத்தில் நின்ற கோ சியாங் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றை இறைத்தார்கள். சேறு வந்தது, ஊசி வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றி வந்தாள். பின்கட்டில் கிணறு. பக்கத்து மனையில், இந்த வீட்டை ஒட்டினாற்போல், சூப்புக்கு விற்கும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் சிமென்ட் கட்டடம். பழசு. பாசி ஏறியிருந்தது. பிறகு மாடிக்குப் போனாள். ஒரே அறை. ஒரே ஜன்னல், சாத்தியிருந்தது. திறந்தாள். பார்த்தாள். சாத்தினாள்.

சரின்தென் உட்பட எல்லோரையும் மேலே வரச் சொன்னாள்.

"மாஸ், நின்ன ஜன்னலைக் காட்டுங்க. நீங்களே திறங்க."

ரெய்னால்டி பெருமையாகப் போய்க் கொக்கியை இழுத்தான். கைக்கெட்டும் தூரத்தில் சிமென்ட் சுவர். அதன்மேல் குருவி எச்சம். வேறு எதுவும் தெரியவில்லை.

"கிணறு எங்கே, மாஸ்?"

"இது... இந்தக் கட்டடம்..."

"ஏன், காலையில முளைச்சுதா? படத்தை நானும் பார்த்தேன், பாதி தூங்கிட்டேன். ஆனா ஜன்னல்ல கிணறு தெரிஞ்சது ஞாபகம் இருக்கு. அது வேற எங்கேயோ எடுத்து ஒட்டினது. அதைத்தான் நீங்க ஒப்பிச்சீங்க. மாடிக்கே நீங்க வரல. மத்தவங்க வாசல்ல பல்லிளிச்சுட்டு நின்னப்ப, கீழே பேழைகிட்ட இருந்தீங்க. இவ்வளவு தூரம் வந்தவர், ஜன்னலைத் திறந்தாவது பார்த்திருக்கலாம்."

அவள் முக்காலியைக் காட்ட, கான்ஸ்டபிள் அதைப் பிடுங்கி அதன் ஒரு காலைத் திருகிக் கழற்றினான். உள்ளேயிருந்து, துணியில் சுற்றிய ஊசி விழுந்தது.

ரெய்னால்டி தேம்பினான். "விக்கறதுக்கில்ல, இபு. அவ தலையில இருந்தது... என்கிட்ட இருக்கணும்னு..."

"அவ சம்பளம் வாங்கிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டா. உன் பக்திக்கு இந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போகணுமா?"

பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க பொறந்து வளர்ந்த வீடு. அவன் கிணறுன்னு சொன்னப்பவே பொய்னு தெரியாதா?"

"தெரியும், இபு... சொன்னா ஜன்னலுக்கு வெளியே வெறும் சுவர்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அந்த ஜன்னலைப் பார்க்கத்தானே ஜனங்க வர்றாங்க."

சரின்தென் அவரையே பார்த்தாள். கோ சியாங் அசடு வழிந்தார்.

"மனசுல வெச்சுக்காதே, சரின்தென். மதியம் பஸ்காரங்களுக்கு சாப்பாடு..."

"இலையில சுத்தின லொந்தோங் சோறு அடுப்புல வேகுது. தண்ணி வத்தியிருக்கும், கோ. போய்ப் பாருங்க."

ஏப்ரனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். அவரும் பின்னாலேயே ஓடினார். கீழே வந்ததும் அவள் வாசலுக்குப் போனாள். அவர் அடுப்படிக்குப் போனார்.