ஊதா வெளிச்சம்... உள்ளே சௌந்தர்யா!

செல்போன் அலறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேஜை மேல்.

இந்தப் பக்கம் சௌந்தர்யா. பிளாஸ்மா அறைக்குள். பூட்டிய அறைக்குள்!

அவள் போனை எடுத்தவன் தனபால். எடுத்தான்... அணைத்தான்... சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க! கதவு பூட்டிக்கிச்சுங்க! தெறங்க!"

"அதுவாப் பூட்டிக்கல அம்மிணி. நாந்தான் பூட்டுனேன்!"

சௌந்தர்யா கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

ராசிபுரம் பைபாஸ் ஓரத்துக் கட்டிடம் தனபாலுடையது. பிளாஸ்மா மெஷின் அவளுடையது. தக்காளி, மிளகாய் விதைகளைத் தட்டில் பரப்பி, மெஷினின் ஊதா வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். சூடே இருக்காது. விதையின் தோல் இளகும். தண்ணீரைச் சட்டென்று குடிக்கும். சீக்கிரம் முளைக்கும். சுற்றுவட்டார விவசாயிகள் அவள் விதையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அந்த நம்பிக்கை மேல்தான் தனபாலுக்குக் கண்!

"என்ற குடோன்ல கெடக்குற தக்காளி வெதைய உன்ற பேர்ல வித்துப்போடலாம்னு நயமாச் சொன்னேன். கேட்டியா?"

"அது மக்கிப்போன வெதைங்க! செத்த வெதைக்கு எந்த மெஷினும் உசுரு குடுக்காதுங்க. நம்பி நட்டவன் என்னாவான்?"

"அதை ஊரெல்லாம் சொல்லிப்போடுவேன்னு காலையில மெரட்டுனியே... இனி எப்படிச் சொல்லுவே?"

சுவிட்சைத் தட்டினான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றது.

அய்யோ! மெஷின் ஓடினால் ஓசோன் வாயு கிளம்பும். ஃபேன் இல்லாத இந்தக் குட்டி அறையில் அது நெஞ்சை அடைத்துவிடும். ஒரு ஜன்னல்கூட இல்லை!

"உட்டுருங்க! என்ற புள்ளைக்கு ரெண்டு வயசுதானுங்க!"

கொல்ல வந்தவனிடமும் 'ங்க' போடும் நாக்கை என்னவென்று சொல்ல?

"ஃபேன் ரிப்பேரு, பாவம் அம்மிணி கவனிக்கலைன்னு சொல்லிக்கிறேன்."

கதவில் மோதினாள். காந்தப் பூட்டு. இம்மியும் அசையவில்லை.

தனபாலின் விரல் மெஷின் பட்டனுக்குப் போனது... நின்றது!

மனசு மாறிவிட்டானா?

மாறுவதாவது! போர்வெல் வண்டியோ நெல் மில்லோ, எந்த மெஷினையும் முதன்முதலாக ஓட்டுமுன் சூடம் காட்டாமல் தொடாத குடும்பம் அவனுடையது. கொலைக்கும் அதே சாஸ்திரம்!

வேட்டி மடிப்பிலிருந்து சூடக்கட்டிகளை எடுத்துக் குவித்தான். பற்ற வைத்தான்.

"காரியம் கெடாம முடியோணும் சாமி..."

பயபக்தியோடு கண்ணை மூடினான்.

கரும்புகை குபுகுபுவென்று கூரைக்கு ஏறியது. கூரையில் தீ அலாரம்.

வீல்ல்ல்ல்ல்!

தீ அலாரம் அடித்தால், உள்ளே இருப்பவர் தப்பிக்கக் காந்தப் பூட்டு தானாக விட்டுவிடும். கட்டிட முதலாளிக்கு அது தெரியாது. சௌந்தர்யாவுக்குத் தெரியும்!

டக்!

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அதே நேரம், பக்கத்து முட்டை குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வாளி வாளியாகத் தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.

"எங்க தீ? எங்க தீ?"

"தீயை உடுங்க... இந்தாளப் புடிங்க! என்னைக் கொல்லப் பாத்தானுங்க!"

தனபாலின் கைகள் முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டன. பேயறைந்தவன் போல அணைந்த சூடத்தையே பார்த்தான்.

"இத்தனை கும்பிட்டும் சாமி கைவிட்டுருச்சே..."

சௌந்தர்யா அவன் சட்டைப்பையிலிருந்து தன் போனை உருவினாள்.

"கைவிடலீங்க. சூடம் நீங்க காட்டுனீங்க... வரத்தை எனக்குக் குடுத்துருச்சுங்க!"