இரண்டு மணிப் பால்

1959ஆம் ஆண்டு டிசம்பர் ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் அந்தப் பழைய பிள்ளைக் காம்பராவுக்குக் குடிவந்தோம். நத்தார் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. மழை இல்லை. வெயிலும் இல்லை. கொத்மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

குடிவந்ததற்குக் காரணம் என் மனைவி றோசலினின் வயிறு. முன்பு இரண்டு பிள்ளைகள் அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதத்தில் போனது, மற்றது ஆறாம் மாதத்தில். இது மூன்றாவது. ஐந்து மாதம். துணியில் அவ்வப்போது கறை பட்டுக்கொண்டிருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஏப்ரல் வரை படுக்கை, கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே இரண்டு செங்கல், படி ஏறக்கூடாது. பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இதுவும் போனால் இனி ஒன்றை அந்த உடம்பு தாங்காது என்றார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

தேயிலைத் தோட்டம் எனக்குக் கொடுத்திருந்த வாத்தியார் வீட்டுக்குப் போக எழுபத்திரண்டு கற்படி. பிள்ளைக் காம்பராவோ மாட்டுவண்டி போகும் கரத்தை ரோட்டோடு சமதரையில் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகும் கட்டிடம் அது. தேயிலை அரைக்கும் இஸ்டோருக்குப் பக்கத்தில் புதியது கட்டியபிறகு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கேட்டேன், யோசிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே ஒரே நீள அறை. குறுக்கே ஓடிய உத்தரத்தில் ஒன்பது இரும்புக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் நேராகச் சுவரில் கறுப்பு மையில் இலக்கம். ஒவ்வொரு தாயும் தன் பழஞ்சேலையைத் தன் கொக்கியில் தொட்டிலாகக் கட்டிவிட்டு மலைக்குப் போவாள். அவள் வாசனையிலே பிள்ளை தூங்கும். காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவாள். பினாயில் ஊற்றி மூன்று தரம் கழுவினேன். அப்படியும் தரைக்குள்ளிருந்து புளித்த பால் வாடை வந்தது.

"என்னங்க, எறச்சிக்கடைல தொங்குமே, அந்த மாதிரி இருக்கு" என்றாள் றோசலின், மல்லாந்து படுத்தபடி.

"தொட்டில் கொக்கி. கழட்டச் சொல்லவா?"

"வேணாம். இருக்கட்டும். எண்ணிக்கிட்டுக் கெடப்பேன்."

ஒரு வாரம் எண்ணிக்கொண்டு கிடந்தாள். பன்னிரண்டாம் திகதி நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, கட்டிலை ஒட்டி, மூன்றாம் கொக்கியில் அவளுடைய நீலச் சேலை தொட்டிலாகத் தொங்கியது.

"எழும்பினியா?"

"கீழ எறங்கல. கட்டில் மேலேயே நின்னு கட்டினேன். வெறுங் கொக்கியப் பாத்துக்கிட்டே படுக்க முடியலங்க."

பிள்ளை கைக்கு வருமுன் நம் ஆட்கள் தொட்டில் கட்டமாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, மாதாவிடம் போகிறவர்களும் சரி. எனக்கும் தெரியும். ஆனால் பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. நான் அவிழ்க்கவில்லை.

அன்று பகல் மூட்டம் வாசல்வரை வந்து நின்றது. எதிரே இருந்த தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. நான் அறைக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் சுவரோரமாகக் கூடை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மூங்கில் சுவரில் உரசும் சத்தம்.

யாரோ தண்ணீர் கேட்டு வந்திருப்பார்கள் என்று சுற்றிக்கொண்டு போனேன். கூடை இல்லை. ஆள் இல்லை.

உள்ளே, கொழுந்துப் பெண்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளியின் நனைந்த வாடை. பச்சைக் கொழுந்து வாடை.

வாசலிலிருந்து தொட்டில்வரை ஈரமான வெறுங்கால் தடங்கள். தொட்டிலிலிருந்து வாசல்வரை திரும்பிய தடங்கள். தொட்டிலுக்குக் கீழே சிமெந்தில் நாலைந்து வெள்ளைத் துளிகள். பக்கத்தில் ஒரு அட்டை, இரத்தம் குடித்து விரல் தடிப்புக்கு ஊதிப்போய், நகர முடியாமல் கிடந்தது.

மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி பத்து நிமிஷம்.

"றோசலின், யார் வந்தது?"

அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. அது பயம் இல்லை.

"பிள்ள துடிச்சிச்சுங்க" என்றாள் மெதுவாக. "மொதத் தடவையா."

அன்றிலிருந்து துணியில் கறை படவில்லை. டாக்டருக்குக் காட்டுவதற்காக நாள்தோறும் நான் குறித்துவைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு: கறை இல்லை. பதின்மூன்று: இல்லை. பதினாலு: இல்லை. அந்தந்த நாளுக்கு எதிரே நான் குறிக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குக் கூடை இறங்கியது. பதின்மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. மலையில் வேலையே இல்லை. அன்றும் இறங்கியது.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் பேச்சியம்மா. முன்னர் அதே பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். குடத்தை வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவாள். உள்ளே கால் வைத்ததே இல்லை. வந்த முதல் வாரம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினெட்டாம் திகதி அவளை ரோட்டில் மறித்துக் கேட்டேன்.

"மூணாம் கொக்கி யாரோடது?"

அவள் குடத்தை இடுப்பு மாற்றினாள். "எதுக்குங்க மாஸ்டரய்யா?"

"றோசலின் அதுல சேலை கட்டியிருக்கா."

குடத்தைக் கீழே வைத்தாள்.

"அழகம்மாவோடது. தலப்பிள்ள அவளுக்கு, மூணு மாசம். அன்னைக்குப் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால தொட்டில்ல கைய வச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. என்னன்னு நான் வெளங்கிக்கிறதுக்குள்ள அவ வாசல்ல வந்து நிக்கிறா. எனக்கு வாய் வரலிங்க. 'புள்ள தூங்குது அழகம்மா, பொறகு வா'ன்னுட்டேன். பால் கட்டிக்கிட்டு வலிக்குது ஆயான்னா. ரெண்டு மணிக்கு வந்து குடுன்னேன். சிரிச்சுக்கிட்டே போனா."

"பிறகு?"

"ஒரு மணிக்கு நாலாம் நம்பர் மலைல மண்ணு சரிஞ்சிருச்சு. கூடையோட போயிட்டா. புள்ள செத்தது அவளுக்குத் தெரியவே தெரியாதுங்க."

வீட்டுக்கு வந்து தொட்டிலை அவிழ்க்கக் கை நீட்டினேன். பக்கத்தில் றோசலின் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு நாளாகக் கறை இல்லை. கையை இறக்கிக்கொண்டேன்.

டிசம்பர் இருபத்துநாலு, நத்தாருக்கு முதல் நாள் மாலை றோசலினின் அக்கா பவுலினும் அவள் புருஷன் கஸ்பரும் வட்டவளையிலிருந்து வந்தார்கள். கஸ்பருக்கு ரயில்வேயில் வேலை. ஒரு கையில் உயிரோடு சேவல், மறு கையில் தொதல் இனிப்புப் பொட்டலம்.

"என்ன சகலை, படிச்ச மனுசனை ஆயா வேலைக்குப் போட்டுட்டாங்களா?" என்றார் உள்ளே நுழையும்போதே. "சம்பளம் கூடவா?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பவுலின் சிரிக்கவில்லை. அவள் பார்வை தொட்டிலில் இருந்தது.

"அடி இவளே, ஒனக்குப் புத்தி பெரண்டுபோச்சா? இன்னும் நாலு மாசம் கெடக்கு. இப்பவே தொட்டிலா?"

"அக்கா, அத விடு."

"விடுறதா? ரெண்டு போனது பத்தலியா?"

நான் வாய் திறக்குமுன் கட்டிலில் ஏறி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். சேலையை நாலாக மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நான் என்ன காரணம் சொல்லி அவளைத் தடுத்திருப்பேன்?

நத்தார் தினம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டோம். சேவல் குழம்பு. றோசலினுக்குக் கட்டிலிலேயே ஊட்டினாள் பவுலின். பேச்சியம்மா கேக் வாங்க வந்து வாசலில் நின்றாள். ஒன்றரைக்கு றோசலின் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

"என்னங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போர்வையை விலக்கினேன். இந்தமுறை கறை இல்லை. பாய்கிற இரத்தம்.

தோட்டத்து டாக்டரய்யா விடுமுறையில் நோர்வூட் போயிருந்தார். லொறி டிரைவரும் ஊரில் இல்லை. டெலிபோன் இருந்தது இஸ்டோரில், ஒன்றரை மைல். கஸ்பர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். பவுலின் மண்டியிட்டு ஜெபமாலையை எடுத்தாள். மணிகளை உருட்டிச் சத்தமாக ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

மூட்டம் வாசலை மூடியது.

அறை இருண்டது.

சுவரோரம் கூடை இறங்கியது.

பவுலினின் ஜெபம் பாதியில் நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

வாசற்படியில் ஒரு ஈரத் தடம் விழுந்தது. பிறகு மற்றொன்று. நனைந்த கம்பளி வாடை முகத்தில் அடித்தது. தடங்கள் மூன்றாம் கொக்கிக்குக் கீழே வந்து நின்றன. அங்கே தொட்டில் இல்லை. வெறுங் கொக்கி தானாக, மெதுவாக, ஒரு பக்கமாகத் திரும்பியது.

தடங்கள் கட்டில் பக்கம் திரும்பின.

சிமெந்தில் வெள்ளைத் துளி விழுந்தது. இன்னொன்று. கட்டிலோரம், றோசலினின் வயிற்றுக்கு நேராக.

"மாஸ்டரய்யா." வாசலிலிருந்து பேச்சியம்மா கிசுகிசுத்தாள். "உண்மையச் சொல்லிருங்க. ஒம் புள்ள செத்துப்போச்சு, போ தாயின்னு சொல்லிருங்க. அன்னைக்கு எனக்கு வாய் வரல. நீங்க சொன்னா போயிருவா."

றோசலின் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

"சொல்லாதீங்க. அவ போனா இதுவும் போயிரும்."

மனிதன் யோசித்துத் தீர்மானித்தேன் என்று சொல்வானே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நீலச் சேலையை எடுத்தேன். நாற்காலியில் ஏறி மூன்றாம் கொக்கியில் கட்டினேன். கட்டும்போது என் புறங்கையில் யாரோ மூச்சு விடுவது போல ஈரமாகப் பட்டது. இறங்கி நின்று, எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"புள்ள தூங்குது அழகம்மா. பொறகு வா."

தொட்டில் ஒருமுறை ஆடியது.

தடங்கள் திரும்பிப் போயின. வெளியே கூடை தூக்கப்பட்டது.

கஸ்பர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது இரத்தம் நின்றிருந்தது. பேச்சியம்மா கேக்கை வாங்காமலே போனாள். போகுமுன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"நான் ரெண்டு மணின்னு சொன்னேன். இப்ப வரைக்கும் வாறா. நீங்க எத்தன மணின்னே சொல்லலிங்களே ஐயா."

ஏப்ரல் ஒன்பதாம் திகதி பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. ஆறரை இறாத்தல். ஜோசப்பின் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். மே மாதம் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு நோர்வூட் பக்கம் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறினேன். புது வீடு. உத்தரத்தில் கொக்கி இல்லை. நீலச் சேலையை எரித்துவிட்டு வந்தோம்.

பிள்ளை நன்றாக வளர்ந்தது. ஒரு காய்ச்சல், ஒரு இருமல் கிடையாது. இரண்டு மணிக்கு மட்டும் தாயிடம் பால் குடிக்கவில்லை. றோசலின் எடுத்து மடியில் வைத்தால் வயிறு நிறைந்த பிள்ளையாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கடைவாயில் பால் வழிந்திருக்கும். தரையில் ஈரத் தடங்கள் வந்து, திரும்பிப் போயிருக்கும். றோசலின் தன் பாலைச் சருவத்தில் பீச்சிக் கொட்டுவாள். முதல் மாதங்களில், "போவட்டுங்க, அவ புண்ணியத்துலதானே பொழச்சிச்சு" என்றாள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒன்றரை மணியானால் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அப்படியும் கடைவாயில் பால் வழிந்தது. வரவர ஒரு வேளை இரண்டானது. காலை பத்து மணிக்கும் பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது.

நேற்று நவம்பர் பத்தாம் திகதி. பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்து ஒரு நாள். பாடம் முடிந்து இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். வெளியே சுவரோரமாக ஒரு கொழுந்துக் கூடை இருந்தது. மூங்கில் கறுத்து, அடியில் சிவப்பு மண் அப்பியிருந்தது. இதுவரை நான் சத்தத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன்.

உள்ளே றோசலின் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். ஜோசப்பின் அவள் முகத்தைப் பார்த்தது. அறியாத ஆளைக் கண்டதுபோல வீரிட்டு அழுதது. இரண்டு கையையும் நீட்டி அறையின் மூலையைப் பார்த்துத் தாவியது. அங்கே யாரும் இல்லை.

அழுகை நின்றது. மூலையைப் பார்த்துச் சிரித்தது.

நான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து மூலைவரை ஈரத் தடங்கள் வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.