பாதி வாடகை

மே மாதம் முதலாந் திகதி, வெயில் ஏறுமுன்பே, சுலக்சனும் கம்சிகாவும் ஒரு சின்ன லொறியில் கரம்பொனில் உள்ள என் வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, நாலு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு தையல் மெசின். அவ்வளவுதான் சாமான். கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெடியனுக்கு ஊர்காவற்றுறையில் ஒரு வங்கியில் வேலை, சொந்த இடம் வவுனியா. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகங்கள். அப்படிப்பட்ட முகங்களை நான் நம்புவதில்லை. தபால் கந்தோரில் முப்பத்து மூன்று வருடம் யன்னலுக்கு உள்ளே இருந்து ஆட்களைப் பார்த்தவள் நான்.

பெரிய வீடு. காலி நகரத்தில் கடை வைத்திருந்த அப்பா கட்டியது. முன்பகுதியில் நான் தனியே இருக்கிறேன். பின்பகுதி இரண்டு அறையும் ஒரு குசினியும். நடுவில் உள்ள கதவுக்கு என் பக்கத்தால் தாழ்ப்பாள் போட்டு, அலுமாரியையும் இழுத்து வைத்துவிட்டேன். வாடகைக்கு இருப்பவர்கள் என் முற்றத்தால் போய்வருவது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கென்று பின் ஒழுங்கைப் பக்கம், மதிலில் ஒரு இரும்புக் கேற் போட்டிருந்தேன்.

"வாடகை பதினாறாயிரம். ஒண்டாந் திகதி என்ரை கையிலை இருக்கவேணும். பிந்தினால் எனக்குப் பொல்லாத கோவம் வரும், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றேன்.

"ஓம் அன்ரி" என்று சுலக்சன் முதல் மாதக் காசை அங்கேயே எண்ணித் தந்தான்.

யூன் முதலாந் திகதி ஒருவரும் வரவில்லை. பத்தாந் திகதி வந்தான். கடிதஉறைக்குள் எண்ணாயிரம் ரூபாய்தான் இருந்தது.

"மிச்சம்?"

"சரியாத்தானே அன்ரி..." என்று தொடங்கியவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

வீடு வாடகைக்கு விட்டவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் விளங்கும். என் பென்சன் மருந்துக்கும் கரண்டுக்குமே காணாது. அந்த வாடகையை நம்பித்தான் சீவிக்கிறேன். அவர்களோ பின்னாலிருந்து மீன் பொரிக்கிற வாசத்தை அனுப்பிக்கொண்டு இருந்தார்கள். குடிக்கிறானோ, சீட்டுப் பிடிக்கிறாளோ, வேறு யாருக்கேனும் கடனோ என்று இரவு பகலாக யோசித்தேன்.

யூலை முதலாந் திகதி காவல் இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குளியலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, சின்ன யன்னலால் பின் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உச்சி வெயில். காகம்கூடக் கத்தவில்லை. ஒழுங்கையில் பனையோலை அசையும் சத்தமும் நின்றிருந்தது.

யாரோ இரண்டு தரம் செருமினார்கள்.

கம்சிகா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கேற்றைத் திறந்து, சிரித்தபடி, காசை நீட்டினாள். வாங்கியவர் மதிலுக்கு மறைவில் நின்றதால் ஆள் தெரியவில்லை. சீலையின் கரை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் வாடகைக் காசு வட்டிக்காரியிடம் போகிறது. வாளியிலிருந்து குதித்து, செருப்பும் போடாமல், வீட்டைச் சுற்றிப் பின் ஒழுங்கைக்கு ஓடினேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. அந்த ஒழுங்கை கடற்கரை வரைக்கும் நேரே போகிறது, ஒளிய ஓர் இடமும் இல்லை.

ஒருவரும் இல்லை.

நொச்சியும் வேப்பெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மணம் மட்டும் அடித்தது. அந்த மணம் எனக்குப் பழக்கமானது. ஆனால் எரிச்சலில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பத்தாந் திகதி சுலக்சன் மறுபடியும் எண்ணாயிரம் கொண்டுவந்தான். ஓகஸ்ற் பத்தாந் திகதியும் அதே எண்ணாயிரம். என் பொறுமை அன்றோடு முடிந்தது. அவனோடு கூடவே பின்பகுதிக்குப் போய், இருவரையும் முன்னால் நிறுத்தினேன்.

"மூண்டு மாசமாப் பாதி, பாதி. நான் என்ன தருமத்துக்கோ வீடு விட்டனான்? ஒவ்வொரு ஒண்டாந் திகதியும் கேற்றடியிலை ஆருக்குக் காசு குடுக்கிறனீர், பிள்ளை?"

கம்சிகா புருசனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பெரிய அன்ரிக்குத்தானே குடுக்கிறம்."

"எந்தப் பெரிய அன்ரி?"

"உங்கடை அக்கா. வீடு தன்ரை சீதன வீடாம். பாதி தனக்கு, பாதி தங்கச்சிக்கு எண்டு சொன்னவ. நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையாம், உங்களுக்குச் சொல்லவேண்டாமாம். தங்கச்சிக்கு அவசரமில்லை, பத்தாந் திகதி குடுத்தால் காணும் எண்டும் சொன்னவ. நீங்கள் ஏசேக்கையெல்லாம் எங்களுக்குப் பாவமா இருந்தது, அன்ரி. சண்டை வரக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனாங்கள்."

என் அக்கா அம்பிகை செத்து ஏழு மாதம்.

நான் அதைச் சொல்லவில்லை. கம்சிகா உள்ளே போய் மூன்று துண்டுகளைக் கொண்டுவந்தாள். கலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் "எண்ணாயிரம் ரூபா பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கீழே கையெழுத்து. அக்காவின் பழைய கையெழுத்து, பாரிசவாதம் வருவதற்கு முன் இருந்த நேரான, அழுத்தமான கையெழுத்து.

கடைசி எட்டு வருடம் அக்காவின் வலது கை கரண்டிகூடப் பிடிக்கவில்லை. அவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன், கழுவினேன், எண்ணெய் காய்ச்சிக் கைக்குப் பூசினேன். அதற்காகத்தான் இந்த வீட்டை என் பெயருக்கு எழுதுவித்தேன். வீட்டு உறுதி எழுதுகிற நொத்தாரிசு இங்கேயே வந்தார். உறுதியில் உள்ள கையெழுத்து அக்காவின் கைக்குள் பேனையை வைத்து நான் பிடித்துப் போட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அது நல்லாய்த் தெரியும். ஆனால் இந்த வீட்டை விட்டால் போக எனக்கு வேறு இடம் இல்லை.

ஆகவே எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம். அக்காவின் மகன் தேனுஜன் கனடாவில் இருக்கிறான். தாயின் வீடு கைமாறியது அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பெடியனையும் பெட்டையையும் பிடித்து, கையெழுத்தைப் பழக்கி, துண்டு எழுதுவித்து, வழக்குக்கு அடுக்குப் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

"ஆள் எப்பிடி?" என்று கேட்டேன். பொய் சொல்பவர்கள் விவரம் கேட்டால் தடுமாறுவார்கள்.

அவள் தடுமாறவில்லை. "கட்டை ஆள். பாக்கு நிறச் சீலை, மஞ்சள் கரை. கேற்றுக்கு வெளியிலைதான் முந்தி நிண்டவ. இந்த மாசம் நான்தான் வெயிலுக்கை நிக்காதேயுங்கோ, உள்ளை வாங்கோ எண்டு கூப்பிட்டனான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நடக்கத்தான் கஷ்டப்படுறா, அன்ரி. எட்டி அடி வைக்கமாட்டா. ரெண்டு காலும் ஒட்டின மாதிரித்தான் வருவா."

பிரேதத்தின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியது நான்தான்.

பாக்கு நிறச் சீலை உடுத்திவிட்டதும் நான்தான்.

அப்போதும் மனம் ஒரு பிடியைத் தேடியது. தேனுஜன் செத்தவீட்டை முழுக்கக் கனடாவில் இருந்து வீடியோவில் பார்த்தவன். சீலையும் தெரியும், காலும் தெரியும். சொல்லிக் கொடுத்திருப்பான்.

"இந்தக் கிழமைக்குள்ளை வீட்டை விட்டு எழும்புங்கோ" என்றேன். "ஒரு கதையும் வேண்டாம்."

சுலக்சன் கெஞ்சிப் பார்த்தான். கம்சிகா கெஞ்சவில்லை. அக்கா எப்போது செத்தாள் என்பதை ஒழுங்கையில் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். பதினாறாந் திகதி லொறி வந்தது. சாமான் ஏற்றியதும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போறம், அன்ரி."

எங்கள் பக்கத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போனாலும் "போட்டு வாறம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெட்டை வாய் தவறிச் சொன்னதில்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

இனி அந்தக் கேற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா செத்தது பஞ்சமியில். பஞ்சமியில் செத்தவர்களை வாசல் படலையால் கொண்டுபோவதில்லை. போன வழியால் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பயம். வேலியையோ மதிலையோ உடைத்து, அதனால் பிரேதத்தை எடுத்து, சுடலைக்குப் போனவர்கள் வருமுன் அதை அடைத்துவிட வேண்டும். மேசன் நாகமுத்து அண்ணைதான் பின் மதிலை உடைத்தார். அடைக்கக் கூலி கேட்டபோது, பிறகு பார்ப்போம் என்றேன். பிறகு வாடகைக்கு விட யோசித்தபோது, கிடந்த ஓட்டைக்குத்தான் கேற் போட்டேன். புதிதாக மதில் உடைக்கிற செலவு மிச்சம். அப்போது என் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இருபதாந் திகதி நாகமுத்து அண்ணையைக் கூப்பிட்டேன். கேற்றைக் கழற்றிவிட்டுக் கல் வைத்து அடைக்கச் சொன்னேன். அவர் ஒழுங்கையில் நின்று கட்டினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மத்தியானம் ஆகும்போது கடைசிக் கல்லுக்கான இடம் மட்டும் இருந்தது.

இரண்டு தரம் ஒரு செருமல்.

"தடுமலோ, பிள்ளை?" என்றார் அவர்.

"நானில்லை. நீங்களெண்டெல்லோ நினைச்சன்."

அவர் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"உள்ளை பாத்தனீங்களோ?"

"வீடு காலி. பூட்டித் திறப்பு என்ரை கையிலை."

"நான் அதைக் கேக்கேல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "பஞ்சமிக்கு உடைச்சதை, ஆள் வெளியிலை போனாப் பிறகுதான் அடைக்கிறது. உள்ளுக்கை நிக்கேக்கை அடைச்சால் பிறகு எந்த வழியாலை போறது?"

கூலியைக் கூட்டிக் கேட்க வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

"குழைச்ச சீமெந்து இறுகப்போகுது. வையுங்கோ அண்ணை."

அவர் வைத்தார். சாந்தகப்பையைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனார். கூலியை வாங்க இன்றுவரைக்கும் வரவில்லை.

அதன் பிறகு பின்பகுதியில் ஆள் இருந்தது.

காலையில் கூட்டுகிற சத்தம் கேட்கும். குசினியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். என் அலுமாரியைத் திறந்தால் சீலைகளில் நொச்சி மணம். எலி, பூனை, தேனுஜன் அனுப்பிய ஆள் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். ஒன்றையும் போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை.

செப்ரெம்பர் முதலாந் திகதி, சரியாக உச்சியில், அலுமாரிக்குப் பின்னால் இரண்டு தரம் செருமிக் கேட்டது.

"மனோ" என்று கூப்பிட்டாள். வாதம் வந்த பிறகு ஒரு சொல்லும் பேசாதவள். "மனோ, ஒண்டாந் திகதி."

என் வாயால் என்ன வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இப்ப என்னட்டை இல்லை, அக்கா" என்றேன். "பத்தாந் திகதி தாறன்."

கால் இரண்டும் சேர்ந்து நிலத்தில் விழும் சத்தம், மெல்ல மெல்ல, குசினிப் பக்கம் போனது.

பத்தாந் திகதி வந்தது. நான் கொடுக்கவில்லை. வாடகை வராத வீட்டில் காசுக்கு எங்கே போக? அதோடு, கொடுத்தால் வீடு அவளுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்கு அவள் கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கூட்டுகிற சத்தமும் நின்றது. போய்விட்டாள் என்று எனக்கு நானே சொல்லி, இரண்டு கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இன்றைக்குக் காலை ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், கையில் ஒரு பெட்டி. றஞ்சனி என்று பெயர் சொன்னாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த தாதி.

"வீடு பாக்க வந்தனான், அன்ரி."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. "வாரும் பிள்ளை. பின்பகுதிதானே? மதில் அடைச்சுக் கிடக்கு, ஆனால் ஒழுங்கு பண்ணலாம்."

"பின்பகுதி இல்லை, அன்ரி. முன்பகுதி." அவள் சங்கடப்பட்டாள். "வீட்டுக்கார அன்ரியோடை நேற்றுக் கதைச்சிட்டன். பின் ஒழுங்கையாலை போகேக்கை மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்துக் கூப்பிட்டவ. அட்வான்சும் குடுத்தாச்சு."

பின் மதில் ஆறரை அடி. அக்கா நாலே முக்கால் அடி.

"என்ன சொன்னவ?" என்றேன்.

"முன்பகுதியிலை இருக்கிறவ வாடகையைப் பிந்தித்தான் தாறவவாம். சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனாவாம். ஒண்டாந் திகதிக்கு முதல் உங்களைத் தானே வந்து கூட்டிக்கொண்டு போறதாச் சொன்னவ." அவள் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். "குறை நினைக்காதேயுங்கோ, அன்ரி. இதை இப்பவே உள்ளை வைச்சிட்டுப் போகட்டோ?"

வைக்கச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பெட்டி சுவரோரம் இருக்கிறது. நான் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். இன்றைக்கு இருபத்தெட்டாந் திகதி. செப்ரெம்பருக்கு முப்பது நாள்தான்.