வெட்டி எடுத்த இரண்டு நொடி

மாலை ஆறு நாற்பத்தேழுக்கு முத்துராஜா வேதியியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினான். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை, முத்துராஜா அப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைத் தவிர.

முதலில் அவன் பயப்படவில்லை. எண்ணிப் பார்த்தான். பதிவு பத்து நிமிடம். அதில் அவன் பக்கம் புரட்டுவது இரண்டே தடவை. இது மூன்றாவது.

சின்னமனூரில் அவன் படித்த பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டரை வரை ‘கேமரா படிப்பு’ உண்டு. வீட்டில் மேசைமுன் உட்கார்ந்து, கேமராவைத் திறந்து, மைக்கை மூடிவிட்டுப் படிக்க வேண்டும். பிள்ளைகள் போனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலையில், நாற்பத்திரண்டு பேரையும் தினமும் இரண்டரை மணி நேரம் திரைமுன் உட்கார வைப்பது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. வகுப்பாசிரியர் சண்முகராஜ் நாற்பத்திரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் அவரவர் போனில் எட்டிப் பார்க்கலாம். முத்துராஜாவின் அம்மா சொர்ணலதா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடையில் இருமல் டானிக் அடுக்குக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்து, மகனின் குனிந்த தலையைப் பார்த்தபடியே மாத்திரை எண்ணிக் கொடுப்பாள். அப்பா கேரளத்து ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. மாதம் ஒருமுறை வந்து, மகன் இளைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போவார்.

முத்துராஜாவுக்குப் படிப்பு பிடிக்காமல் இல்லை. உட்காரத்தான் முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கை போனுக்குப் போனது. போனில் யாரோ ஒரு பெண் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து ஈரத்தலையோடு உயிரியல் படித்தாள். யாரோ ஒருவன் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் படிப்பதை வேகமாக ஓட்டிக் காட்டினான். மற்றவர்கள் படிப்பதைப் பார்ப்பதிலேயே முத்துராஜாவுக்கு ஐந்து மணி நேரம் போயிற்று. பார்க்கப் பார்க்கத் தான் எவ்வளவு பின்தங்கிவிட்டோம் என்பது தெரிந்தது. அதை மறக்க இன்னொரு வீடியோ.

வழி சொன்னவன் கூடப் படிக்கும் ஷானவாஸ். நீ உட்கார வேண்டியதில்லை, உன் படம் உட்கார்ந்தால் போதும் என்றான். முத்துராஜா நீலக் கட்டம் போட்ட சட்டையில் பத்து நிமிடம் படிப்பதுபோல் உட்கார்ந்து தன்னைப் பதிவு செய்தான். கேமராவுக்குப் பதில் அந்தப் பதிவையே சுற்றிச் சுற்றி ஓட்டும் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினான். பதிவில் நடப்பதெல்லாம் இவ்வளவுதான்: பின்சுவரில் பல்லி ஒன்று டியூப்லைட்டிலிருந்து உரக்கடைக் காலண்டர் வரை போகும். காலண்டர் ஒருமுறை படபடக்கும். இவன் இரண்டு பக்கம் புரட்டுவான். கடைசியில் தலையை நிமிர்த்தி, எல்லோரையும் ஏமாற்றிய சந்தோஷத்தில் கேமராவைப் பார்த்துச் சிரித்து, பதிவை நிறுத்துவதற்காகக் கையை முன்னால் நீட்டியிருந்தான். அந்த இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டான்.

மூன்று வாரம் அது பிசகாமல் ஓடியது. இன்று மூன்றாவது பக்கம்.

மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது. இறங்கி, வாசல் வழியாக உள்ளே போய், தன் அறைக் கதவைத் தள்ளினான். யாருமில்லை. லேப்டாப் தனியாக முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு தேங்காய் எண்ணெய் வாடையும் கலந்திருந்தது. புத்தகம் விரிந்து கிடந்தது. தான் எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று அவனுக்கு நினைவில்லை. நினைவிருக்கும் அளவுக்கு அவன் அதைத் திறந்ததும் இல்லை. நாற்காலியில் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

மாசி மாச வெக்கை, எல்லாமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனான்.

அடுத்த நாள் புத்தகத்தில் பென்சில் அடிக்கோடுகள் இருந்தன, அவன் கையெழுத்தில் ஓரக்குறிப்புகளோடு. அதற்கடுத்த நாள் படிப்பு நேரத்துக்குள்ளேயே சண்முகராஜ் வைத்த தேர்வில் முத்துராஜா முதலிடம் வந்தான். தேர்வு நடந்ததே இரவு அம்மா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். அப்பா தோட்டத்திலிருந்து போன் செய்து, கோயமுத்தூர்க் காலேஜுக்கே போகலாம் போலிருக்கே என்றார். முத்துராஜா கேசரியைச் சாப்பிட்டான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் படிக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவன் அதிகம் நடுங்கினான்.

வெள்ளிக்கிழமை மாலை ஷானவாஸிடமிருந்து குரல்பதிவு வந்தது.

“ஏலே முத்து, வீடியோவ மாத்திட்டியாடா? அரை மணி நேரமா உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ கண்ணே சிமிட்டலடா.”

முத்துராஜா தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து உட்கார்ந்தான். மேகமலைப் பக்கம் வெளிச்சம் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் திராட்சைப் பந்தலில் மருந்து அடித்திருந்தார்கள். அந்தக் காரநெடி தொண்டையில் நின்றது. போனில் தன் கட்டத்தைப் பெரிதாக்கினான். குனிந்த தலை. நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டை இப்போது இவன் தலைக்குமேல் கொடியில், காலையில் அம்மா துவைத்துப் போட்டது, காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

பல்லியைத் தேடினான். டியூப்லைட்டில் இல்லை. காலண்டரிலும் இல்லை. குனிந்திருந்தவனின் காதோரம் கன்னத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை. பக்கம் புரட்டினான்.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று அப்போது முடிவு செய்தான். அடி விழட்டும். கேசரியைத் திருப்பிக் கேட்கட்டும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சொல்லலாம் என்று படியிறங்கி வாசலுக்கு வந்தான்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினான். உள்ளே நாற்காலி லேசாக நகரும் சத்தம். பிறகு எதுவுமில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தான். கடைச் சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்தாள். அம்மா, நான்தான், வீட்டுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே யாரோ இருக்கிறார்கள், நான் படிக்கவே இல்லை, அது நானில்லை என்று மூச்சு விடாமல் சொன்னான்.



“யாருப்பா நீ?” என்றாள் சொர்ணலதா. “எம்மகன் இங்கன என் கண்ணு முன்னாடி உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கான்.”

“அம்மா, நான் முத்தும்மா.”

“ஸ்டேசன்ல இருந்து வந்த அம்மா அன்னைக்கே சொன்னாக. பிள்ள குரல்லயே பேசுவாக, நம்பர் கூட பிள்ள நம்பராவே வரும்னு. வேற வீட்டப் பாரு போ.”

துண்டித்துவிட்டாள். மறுபடி அடித்தான். போகவில்லை.

தை மாதத்தில் பள்ளியில் நடந்த இணையப் பாதுகாப்புக் கூட்டம் அவனுக்கு நினைவு வந்தது. வந்திருந்த பெண் எஸ்.ஐ. மிக நன்றாகப் பேசினார். பிள்ளையின் குரலைப் போலவே செய்து பதறிப்பதறிப் பேசுவார்கள், உள்ளம் இளகக் கூடாது, பிள்ளை கண்ணெதிரே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போனை வைத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள் என்றார். மற்ற பெற்றோர் கேட்டதோடு சரி. சொர்ணலதா மட்டும் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அம்மாவை அன்றைக்கு அவன் கேலி செய்தான்.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். இருட்டிவிட்டது. காலடியில் ஈர மண். அறையின் ஜன்னல் திறந்திருந்தது. கம்பி, அதற்கு உட்புறம் கொசுவலை. உள்ளே மேசை விளக்கு. மேசை ஜன்னலைப் பார்த்துக் கிடந்ததால் முதுகை அல்ல, முகத்தைத்தான் பார்த்தான், குனிந்த முகத்தை. தாள் புரளும் சத்தம் கேட்டது. மூடிய மைக்குக்குப் பின்னால் இத்தனை நாள் கேட்காத சத்தம். சரக். நிதானமாக. சரக்.

கல்லை எடுத்து எறியலாம் என்று தோன்றியது. கை வரவில்லை.

வாசல் பக்கம் ஸ்கூட்டர் நின்றது. அம்மா.

ஓடினான். பந்தல் கம்பி காலில் மாட்டியது. விழுந்தான். எழுவதற்குள் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். மேசைமுன் இருந்தது எப்போது எழுந்து போனது, தெரியவில்லை. கதவு சாத்தியது. அம்மாவின் செருப்புச் சத்தம். மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது அது மேசைமுன் உட்கார்ந்திருந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள். அதன் தலையில் கை வைத்து முடியைக் கோதினாள்.

“அம்மா.”

அவள் கை நின்றது.

“அம்மா, இங்கன பாரும்மா. ஜன்னல்ல.”

அவள் வந்தாள். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு, நடுவில் வலை. அவன் முகத்துக்கு நேராக அவள் முகம். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் மேல் மருந்துக்கடை வாடை. ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். மற்றதைப் பிடித்தபடி, திரும்பாமலே பேசினாள். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். காய்ச்சல் கண்ட இரவுகளில் அவனிடம் பேசிய குரல்.

“யாரோ ஒன் குரல்ல கூப்பிடுறாக ராசா. நீ இங்கிட்டுப் பாக்காத. படி.”

அவள் தோளுக்குப் பின்னால் அது தலையை நிமிர்த்தியது.

கண் சிமிட்டவில்லை. நேராக அவனைப் பார்த்தது. சிரித்தது. அவன் வெட்டி எடுத்த அதே சிரிப்பு.

பிறகு, நிறுத்துவதற்காக, கையை அவனை நோக்கி நீட்டியது.